கேஸ் வண்டிக்கு மஞ்சள் வைத்த வெள்ளிக்கிழமை

எங்கள் தெருவில் கார் வைத்திருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் எங்களுடையதை மட்டும் யாரும் கார் என்று சொன்னதில்லை. கேஸ் வண்டி என்றார்கள். தறி ஓட்டுகிறவர்கள், பால்காரர், எதிர் வீட்டுப் பையன்கள் எல்லாருக்கும் அது கேஸ் வண்டிதான். நைனா அதைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தும்போதெல்லாம் அந்தப் பையன்கள் சிலிண்டரைத் தட்டுகிற மாதிரி வாயாலேயே "டங் டங்" என்று சத்தம் எழுப்பி, "கேஸ் வந்துச்சி, புக் எடுத்துகினு வாங்க" என்று கூவுவார்கள். நைனா சிரித்துக்கொண்டே அவர்களுக்குக் கையை ஆட்டிவிட்டு உள்ளே வருவார். நான் அதற்குள் பின்கட்டுக்கு ஓடியிருப்பேன்.

நகரியில் எங்களுக்குச் சொந்தமாகச் சில விசைத்தறிகள் உண்டு. நெய்த லுங்கியைத் திருப்பதிக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட ஒரு வண்டி வேண்டும் என்று நைனா நெடுநாள் அலைந்து, கடைசியில் யாரோ ஓட்டித் தேய்த்த இந்தக் காரை வாங்கினார். வாங்கும்போதே கேஸ் கிட் பொருத்தியிருந்தது. துணி ஏற்றத்தான் கார், ஆனால் டிக்கி முழுவதும் சிலிண்டர். ஆகவே லுங்கிக் கட்டுகள் பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து வரும், நான் அவற்றின் இடுக்கில் வருவேன். இதில் ஏதோ தப்பாக இருக்கிறது என்று நைனாவுக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபி கொடுக்கும் முன்பே டிக்கியைத் திறந்து சிலிண்டரைக் காட்டுவார். பிறந்த குழந்தையைக் காட்டுகிறவரின் முகம் இருக்கும் அப்போது.

அவருடைய பேச்சும் அதைப் பற்றித்தான். கேஸில் எவ்வளவு ஓடும், பெட்ரோலில் எவ்வளவு ஓடும் என்று கல்யாண வீட்டிலும் சொல்வார், எழவு வீட்டிலும் சொல்வார். காரில் இரண்டும் உண்டு. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். இப்படித் தட்டினால் கேஸ், அப்படித் தட்டினால் பெட்ரோல். கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று அதில் பச்சை விளக்குகள் காட்டும். காலையில் வண்டியைக் கிளப்ப மட்டும் பெட்ரோல், அதுவும் இருமல் மருந்து மாதிரி ஒரு மூடி. தெரு முனை வருவதற்குள் ஸ்விட்ச் பச்சைக்கு மாறிவிடும். அந்தக் காலத்தில் நகரியில் கேஸ் பங்க் கிடையாது. திருப்பதிக்குப் போகிற வழியில்தான் இருந்தது, அங்கேயும் கேஸ் மட்டும்தான், பெட்ரோல் கிடையாது. சரக்கு போடப் போகும் நாளும் கேஸ் தீரும் நாளும் ஒன்றாக வரும்படி அவர் கணக்குப் போட்டு ஓட்டுவார். அந்தக் கணக்கில் ஒருநாளும் தப்பியதில்லை.

எனக்கு எல்லாமே அவமானமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிக்கொண்டு நடப்பேன். ஏன் என்று அவர் கேட்டதில்லை. நடப்பது உடம்புக்கு நல்லது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாராம்.

அத்தை எங்களோடுதான் இருந்தாள். நைனாவின் கூடப் பிறந்த தங்கை. பரீட்சை எழுதி, கிராம சச்சிவாலயத்தில் வேலை வாங்கியிருந்தாள். ஊர்க்காரர்களின் பென்ஷன், பட்டா, ரேஷன் விவகாரமெல்லாம் பார்க்கிற ஆபீஸ் அது. காலையில் டிபன் பாக்ஸோடு பஸ் ஏறி, சாயங்காலம் களைத்துப்போய் வந்து இறங்குவாள். களைப்பிலும் முகம் பிரகாசமாக இருக்கும். ஆனால் அவளுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. தங்கச்சி சம்பளத்தை உக்காந்து துன்னுகினு கீறான், அப்புறம் எப்படிக் கட்டிக் குடுப்பான் என்று. தறிச் சத்தத்தையும் தாண்டி அது நைனாவின் காதுக்கு வந்துவிட்டது. அன்று அவர் சாப்பிடவில்லை.

அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அவர்தான் அந்த வரனைக் கொண்டுவந்தார். சித்தூரில் சொந்த வீடு, கூழ் வியாபாரத்தில் பங்கு, நல்ல குடும்பம். ஒரே ஒரு நிபந்தனை, கல்யாணம் ஆனபின் பெண் வேலைக்குப் போகக்கூடாது. போட்டோவைக் கையில் கொடுத்து நைனா அத்தையைக் கேட்டார். அத்தை போட்டோவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"உங்க இஷ்டம்ணா" என்றாள்.

நைனா மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னாள். எங்கள் வீடுகளில் பெண் அப்படிச் சொன்னால் சம்மதம் என்று அர்த்தம். அம்மா உடனே சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதைக் கோயிலில் வைத்துக்கொள்வது வழக்கம். அமையாமல் போனால் தெருவுக்குத் தெரியாது, சாமி கும்பிடப் போனோம் என்று வந்துவிடலாம். திருச்சானூர் தாயார் கோயில் என்று முடிவானது. வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பித்துவிடும், அதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்று பையனின் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எப்படிப் போவது என்ற பேச்சு வந்தபோது, சொந்தக் காரை வைத்துக்கொண்டு பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போய் இறங்கினால் என் அண்ணன் மானம் என்ன ஆகும் என்று அம்மா கேட்டாள். கேஸ் வண்டி அன்றைக்கு மட்டும் சொந்தக் கார் ஆனது.

வியாழக்கிழமை சாயங்காலம் நைனா என்னையும் ஏற்றிக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் போய், டாங்க் நிறையப் போடச் சொன்னார். பங்க் ஆளுக்கு எங்களைத் தெரியும். காதில் விழாதவர் மாதிரி இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார். எனக்கே நம்ப முடியவில்லை.

"நல்ல காரியத்துக்குப் போறோம். வழியில நின்னுடக் கூடாது" என்றார் நைனா.

அதற்காகக் கேஸை விட்டுவிடுவாரா? போகும் வழியில் நிரப்பிக்கொண்டு கேஸிலேயே போவது, பெட்ரோல் துணைக்கு. அதுதான் திட்டம்.

வெள்ளிக்கிழமை காலையில் காருக்கு மஞ்சள் குங்குமம் வைக்கச் சொல்லி அம்மா அத்தையிடம் தட்டைக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் தறிக்கு எப்படியோ அப்படித்தான் காருக்கும். ஆயுத பூஜை அன்று சக்கரம், ஸ்டியரிங், சிலிண்டர், பானட்டைத் திறந்து உள்ளே இஞ்சின் வரைக்கும் பொட்டு வைப்போம். முந்தின ஆயுத பூஜையின்போது நைனா எங்கள் எல்லாரையும் பானட்டுக்கு முன்னால் நிற்க வைத்து ஒரு பாடமே எடுத்திருந்தார். இதுதான் கேஸ் ரொப்புகிற ஓட்டை, இதை மூடியிருக்கிற இந்த அடைப்பானைக் கழற்றக்கூடாது, சாமியே வந்து கேட்டாலும் இங்கே மட்டும் பொட்டு வைக்கக்கூடாது, தூசி போனால் கூட ஆபத்து. அத்தை அன்று என் பக்கத்தில்தான் நின்று தலையாட்டினாள்.

அந்த அத்தை, வெள்ளிக்கிழமை பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பானட்டுக்குள் குனிந்திருந்தாள். மஞ்சளைக் கெட்டியாகப் பிசைந்து விரலால் உள்ளே எங்கோ அழுத்திக்கொண்டிருந்தாள். மெல்ல, பொறுமையாக, மறுபடி மறுபடி. பூ எடுத்துக்கொண்டு போன என்னைக் கண்டதும் விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டுப் பானட்டைச் சாத்தினாள். சாதாரண நாளில் சாமி விளக்கு ஏற்றச் சொன்னாலே என்னை அனுப்புகிறவள். கல்யாணம் என்றதும் பக்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நைனாவின் கணக்குப்படியே, கேஸ் விளக்கு கடைசி ஒன்றில் மினுக்கும்போது பங்க் வந்தது. ஆனால் வரிசை அவர் கணக்கில் இல்லை. ரோடு வரைக்கும் ஆட்டோக்கள். எங்களுக்கு முன்னால் எத்தனையோ. அம்மா கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். நகர்ந்து நகர்ந்து எங்கள் முறை வந்தபோது பத்து மணி ஆகியிருந்தது.

கேஸ் நிரப்பும்போது வண்டிக்குள் யாரும் இருக்கக்கூடாது. "அந்தரு திகாலி" என்று பங்க் ஆள் தெலுங்கில் கத்துவார், எல்லாரும் இறங்கணும். வழக்கமாக நானும் லுங்கிக் கட்டுகளும்தான். நான் மட்டும் இறங்கி யாருக்கும் தெரியாதபடி தூணுக்குப் பின்னால் நிற்பேன். அன்று அம்மா இறங்கினாள், நான் இறங்கினேன், கடைசியாக அரக்குப் பட்டும் தலை நிறைய மல்லிகையுமாக அத்தை இறங்கினாள். காக்கிச் சட்டைகளுக்கு நடுவில் கல்யாணப் பெண். டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர்கள் டீயை மறந்தார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். எனக்கு அந்தத் தூண் போதவில்லை.

பங்க் ஆள் பானட்டைத் திறந்தவர், குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு நைனாவைக் கூப்பிட்டார்.

அடைப்பான் இல்லை. ஓட்டை நிறைய மஞ்சள், அதன் மேல் அழகாக ஒரு குங்குமப் பொட்டு. காய்ந்து இறுகியிருந்தது. பக்கத்திலேயே சிலிண்டர் சோதனைத் தேதி பொறித்த தகடு. அதன் மேலும் மஞ்சள், ஓர் எழுத்து தெரியவில்லை. இந்த நிலையில் நிரப்ப மாட்டேன், மெக்கானிக்கிடம் காட்டிக் கழுவிக்கொண்டு வாருங்கள் என்று பங்க் ஆள் சொல்லிவிட்டார். அம்மா ஓடிப்போய்ப் புடவை ஊக்கைக் கழற்றிக்கொண்டு குனிந்தாள். அவர் பதறிப்போய் அவள் கையைத் தட்டிவிடாத குறை.

"பொட்டு வெக்க சொன்னா மாவு அடைக்கற மாதிரி அடைச்சி வெச்சிகீறியே" என்று அம்மா அத்தையைப் பார்த்துச் சொன்னாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

நைனா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பானட்டுக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார். விரலால் மஞ்சளைச் சுரண்டினார். அது எவ்வளவு ஆழம் போயிருந்தது என்பது அந்த விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அம்மா மாமாவின் போனை எடுக்கத் தள்ளிப் போயிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"தெரிஞ்சேவா வெச்ச?" என்று மெதுவாகக் கேட்டார்.

அத்தை தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்றதுக்கு வாய் வர்லண்ணா" என்றாள்.

தெரியாமல் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்க வாய் வராமல் நிற்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. நைனா பானட்டைச் சாத்தினார். அம்மா மஞ்சள் அடைத்த கதையை மாமாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, எல்லாரும் கோயிலில் காத்திருக்கிறார்கள், கேஸ் கிடக்கட்டும், பெட்ரோலில் போகலாம் என்று அவசரப்படுத்தினாள்.

"பெட்ரோல் இல்ல" என்றார் நைனா.

"நைனா, நேத்து..." என்று நான் ஆரம்பித்தேன்.

அவர் என் தோளைப் பிடித்தார். வலித்தது. அதுவரை அவர் என்னை வலிக்கும்படி தொட்டதில்லை.

சுற்றிலும் ஆட்டோக்கள்தானே, ஒன்றைப் பிடியுங்கள் என்றாள் அம்மா. பொண்ணு ஆட்டோவில் வந்து இறங்கினால் உங்க அண்ணன் மானம் என்ன ஆவது என்று நைனா திருப்பிக் கேட்டார். அவள் சொன்ன வார்த்தையே. மாமாவின் போன் மறுபடி வந்தபோது நைனா தானே வாங்கிக்கொண்டார்.

"கேஸ் ரொப்ப முடியல மச்சான். பெட்ரோலும் போடல, மிச்சம் புடிக்கலாம்னு பாத்தேன். எம் மேலதான் தப்பு" என்றார்.

அத்தனை ஆட்டோக்காரர்கள் கேட்க, சத்தமாகச் சொன்னார். மாமா என்ன சொன்னாரோ, நைனா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பத்தரை ஆயிற்று. குங்குமம் அடைத்து வண்டி நிற்பதைவிடக் கெட்ட சகுனம் உண்டா என்று பையனின் அம்மா எழுந்து போய்விட்டாளாம்.

வரிசையை மறிக்கிறது என்று எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். காரைத் தள்ளித்தான் வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. நைனா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, இரண்டு ஆட்டோக்காரர்கள் தள்ள வந்தார்கள். அவர்களுக்கு நடுவில், கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வளையல் கையை டிக்கியில் வைத்து அத்தையும் தள்ளினாள். போன் வைத்திருந்தவர் அதையும் எடுத்தார். சாயங்காலத்துக்குள் அது நகரி வரை வந்துவிட்டது. திங்கட்கிழமை என் வகுப்பில் எல்லாரும் பார்த்திருந்தார்கள். அத்தை அதில் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று என் சிநேகிதி சொன்னாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருப்பாள் என்றேன் நான்.

மாமா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். பார்க்கிற விசேஷத்தில் எல்லாம், கடுகு போன இடம் ஆராய்கிறவனுக்குப் பூசணிக்காய் போன இடம் தெரியாது, கேஸை மிச்சம் பிடித்தான், தங்கச்சி வாழ்க்கையைத் தொலைத்தான் என்று சொல்லிக் காட்டினார். தெருப் பேச்சுக்கு ஆதாரமே கிடைத்துவிட்டது. அத்தை தொடர்ந்து வேலைக்குப் போனாள். பிறகு அவளே பார்த்துச் சொன்ன ஒருவரோடு கல்யாணம் நடந்தது, இப்போது நாயுடுபேட்டையிலிருந்து ஆபீஸ் போகிறாள். அப்போதும் யாரும் நைனாவை விடவில்லை. கல்யாணப் பந்தியிலேயே ஒருவர், மாப்பிள்ளை வண்டிக்குப் பெட்ரோல் போட்டாயா என்று கேட்டார். நைனா சிரித்துக்கொண்டே அவர் இலையில் இன்னொரு வடை வைக்கச் சொன்னார். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுபடி அந்த ரோட்டோரத்துக்கு வருகிறேன். நைனா கேனோடு நடந்து போய்ப் பெட்ரோல் வாங்கிக்கொண்டு வியர்த்து விறுவிறுத்து வந்தார். அம்மா மரத்தடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் பாட்டிலை வெட்டிப் புனலாக்கி என்னைப் பிடிக்கச் சொன்னார். ஊற்ற ஆரம்பித்ததுமே பெட்ரோல் உள்ளே போகாமல் பொங்கி என் கை மேல் வழிந்தது.

"ரொம்பிகினு கீது நைனா" என்றேன்.

"பேசாம புடி."

கேனைச் சாய்த்தபடி கொஞ்ச நேரம் சும்மா நின்றார். ஒரு சொட்டும் விழவில்லை. பிறகு என் கையைத் தோள் துண்டால் துடைத்துவிட்டு, மீதியிருந்ததை அப்படியே காரைத் தள்ளிய ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டார், காசு வாங்காமல். நிறைந்த டாங்க்கை வைத்துக்கொண்டு பெட்ரோலைச் செலவழிக்க மனசு வராமல் பொய் சொல்லிவிட்டார் என்று அதற்குள் நான் தீர்மானித்திருந்தேன். அந்தக் கணக்கில் இது மட்டும் உதைத்தது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

வண்டி கிளம்பியது. பெட்ரோல் முள் நேராக மேலே, முழு டாங்க்கில் நின்றது. முன் சீட்டில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்ததால் பார்க்கவில்லை. பின்னால் இருந்து நான் பார்த்தேன். அத்தையும் பார்த்தாள். பார்த்ததும் கையை நீட்டி நைனாவின் தோளில் வைத்தாள். அவர் திரும்பவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, அந்தக் கையின் மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓட்டினார். புத்தூர் வந்தது, தாண்டியது. அத்தை கையை எடுக்கவில்லை. அவள் நகக்கண்ணில் மஞ்சள் அப்படியே இருந்தது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. தன் கல்யாணத்தையே கெடுத்த கஞ்சனுக்கு இவள் ஆறுதல் சொல்கிறாளே, இவளுக்குக் கொஞ்சமாவது ரோஷம் இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டேன். நகரி வந்ததும் தெரு முனையிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டேன். நைனா ஏன் என்று கேட்கவில்லை. அவர்கள் மூவரையும் சுமந்துகொண்டு கேஸ் வண்டி பெட்ரோலில் முன்னால் போயிற்று. அந்த வண்டிக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ மாதிரி, நான் தள்ளியே நடந்து வீட்டுக்குப் போனேன்.